கொடைக்கானலுக்கு டெலிவரி உண்டு... சர்வீஸ் உண்டா? ஆன்லைன் டீல்களின் உண்மை விலை என்ன?

‘மச்சான், நைட்டு 12 மணிக்கு சேல் ஆரம்பம். கார்டுல போட்டா இன்னும் 2,000 கம்மி.’

இந்த வாட்ஸ்அப் மெசேஜ் சென்னை ஓஎம்ஆர் ஐடி ஊழியருக்கு மட்டும் வருவதில்லை. கொடைக்கானலில் ஹோட்டல் ரிசப்ஷனில் வேலை பார்க்கும் இளைஞருக்கும், பூம்பாறையில் பூண்டு போட்டிருக்கும் விவசாயியின் மகனுக்கும் வருகிறது. ஆப்பில் 624101 என்று பின்கோடு தட்டினால், ‘டெலிவரி உண்டு’ என்று பச்சை எழுத்தில் பதில் வந்துவிடும். சில நாட்களில் பெட்டி மலை ஏறி வந்தும் விடும்.

ஆறு மாதம் கழித்து அதே போனில் சார்ஜ் ஏறவில்லை என்றால்? பிராண்டின் சர்வீஸ் சென்டர் மலையில் இல்லை என்றால், போனுடன் ஆளும் சேர்ந்து இறங்க வேண்டும். திண்டுக்கல் சுமார் 100 கி.மீ., மதுரை சுமார் 120 கி.மீ. மலைப்பாதை என்பதால் போக, வர, காத்திருக்க ஒரு நாள் காலி. ஸ்பேர் பார்ட் இல்லை என்றால் இன்னொரு நாள். ஆன்லைனில் மிச்சம் பிடித்த 1,500 ரூபாய், இரண்டு நாள் சம்பளத்திலும் பஸ் கட்டணத்திலும் கரைந்துவிடும்.

ஸ்க்ரீனில் தெரிவது பொருள் வீடு வந்து சேரும் விலை மட்டுமே. அதைப் பயன்படுத்தும் விலை, பழுது பார்க்கும் விலை, கடைசியில் தூக்கிப்போடும் விலை எல்லாம் தனி. நகரத்தில் இவை சட்டென்று கண்ணில் படாது. மலையில் பளிச்சென்று தெரியும். ஆகவே, எந்த ஊர்க்காரரும் ஒரு டீலை எடைபோட வேண்டும் என்றால் பழனி மலைத்தொடரில் இருந்து பார்ப்பது நல்லது.

70% தள்ளுபடி... எதிலிருந்து?

‘9,999 ரூபாய் ஸ்மார்ட்வாட்ச், இன்று மட்டும் 1,999’ என்று விளம்பரம் வருகிறது. அந்த 9,999 எங்கிருந்து வந்தது?

பெட்டியில் அச்சிடப்படும் எம்.ஆர்.பி., அதாவது அதிகபட்ச சில்லறை விலையைத் தீர்மானிப்பது தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோதான். அதற்கு மேல் விற்கக் கூடாது என்பதே சட்டம். அந்தத் தொகை நியாயமானதா என்று பொதுவாக யாரும் சான்று தருவதில்லை. ஒரு பொருள் ஒருநாள்கூட 9,999-க்கு விற்காமலே இருந்திருக்கலாம். அப்படியானால் ‘80% தள்ளுபடி’ என்பது வெறும் கணக்கு விளையாட்டு.

இந்தியாவில் மெகா சேல் கலாசாரத்தின் முக்கியத் தொடக்கப்புள்ளி 2014 அக்டோபர் 6. அன்றுதான் ஃபிளிப்கார்ட் தன் முதல் ‘பிக் பில்லியன் டே’ விற்பனையை நடத்தியது. கூட்டத்தைத் தாங்காமல் தளம் திணறியது, பல ஆர்டர்கள் ரத்தாகின, விலை மாறியது பற்றிப் புகார்கள் குவிந்தன. மறுநாளே நிறுவனர்கள் வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டார்கள். அதன்பிறகு தளங்கள் பலமடங்கு வலுவாகிவிட்டன. அவசரப்படுத்தும் உத்திகளும் கூடவே வளர்ந்தன.

‘இன்னும் 2 மட்டுமே உள்ளது’ என்று பொய்யாகப் பயமுறுத்துவது, கார்ட்டில் கேட்காமலே ஒரு இன்சூரன்ஸைச் சேர்ப்பது, கடைசிப் பக்கத்தில் மட்டும் புதிய கட்டணத்தைக் காட்டுவது, ‘வேண்டாம், என் போன் உடைந்தால் பரவாயில்லை’ என்று பட்டனில் எழுதிக் குற்ற உணர்வு ஏற்படுத்துவது போன்றவற்றுக்கு ‘டார்க் பேட்டர்ன்’ என்று பெயர். 2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இப்படி 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்துள்ளன. ஆகவே, ‘அவங்க ஆப்பு, அவங்க இஷ்டம்’ என்று விட்டுவிட வேண்டியதில்லை. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்தால் அதுவே புகாருக்கு ஆதாரம்.

‘நோ காஸ்ட் இஎம்ஐ’யில் காஸ்ட் இல்லையா?

‘வட்டியே இல்லை’ என்றால் வங்கி எதற்காகக் கடன் கொடுக்கிறது? ரிசர்வ் வங்கி 2013-லேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டது. பூஜ்ய சதவீத வட்டி என்ற ஒன்றே கிடையாது என்பது அதன் நிலைப்பாடு. வட்டி வேறு எங்கோ ஒளிந்திருக்கும்.

உதாரணமாக, 30,000 ரூபாய் போனை 6 மாத நோ காஸ்ட் இஎம்ஐயில் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். மாதம் 5,000 ரூபாய். வங்கி வட்டி ஆண்டுக்கு 15% என்றால், வங்கி கொடுக்கும் கடன் உண்மையில் சுமார் 28,730 ரூபாய். மீதி 1,270 ரூபாய் வட்டி. அந்த 1,270-ஐ விற்பனையாளரோ பிராண்டோ தள்ளுபடியாகக் கழித்துவிடுவதால் வட்டி இல்லாததுபோலத் தெரிகிறது.

ஆனால் அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி உண்டு. அது சுமார் 229 ரூபாய். பிராசஸிங் கட்டணம் 199 என்றால் வரியுடன் 235 ரூபாய். ஆக, சுமார் 460 ரூபாய் கூடுதலாகப் போகிறது. மொத்தமாகப் பணம் கட்டுபவருக்குத் தனித் தள்ளுபடி இருந்தால், அதையும் இழந்த கணக்கில் சேர்க்க வேண்டும். 460 ரூபாய் பெரிய தொகை இல்லைதான். கையில் பணம் இல்லாதவருக்கு இஎம்ஐ நல்ல வசதியும்கூட. ஆனால் அதை இலவசம் என்று நினைத்து, 20,000 பட்ஜெட்டில் வந்தவர் 30,000 போனுக்குத் தாவுகிறார் பாருங்கள், அங்கேதான் உண்மையான செலவு.

மலையில் கேட்ஜெட் எப்படி நடந்துகொள்ளும்?

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆன்லைன் ரிவ்யூக்கள் பெரும்பாலும் சமவெளி நகரங்களில் உட்கார்ந்து எழுதப்படுபவை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

முதலில் பேட்டரி. லித்தியம் அயான் பேட்டரிக்குள் நடப்பது வேதிவினை. குளிரில் அது மந்தமாகும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலைகளில் 20% காட்டும் பழைய போன் சட்டென்று அணைந்துபோவது இதனால்தான். போனைச் சட்டைப்பைக்குள் வைத்து உடல் சூட்டில் கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி உயிர் வரும். உறைநிலைக்குக் கீழே இருக்கும் பேட்டரியை உடனே சார்ஜ் போடுவதுதான் நிரந்தரமாகக் கெடுக்கும் விஷயம். காருக்குள் இரவு முழுவதும் கிடந்த போனை அறைச் சூட்டுக்கு வந்த பிறகு சார்ஜ் போடுவது நல்லது.

குளிரைவிடப் பெரிய வில்லன் சிக்னல். டவர் தூரமாகவோ மலைக்குப் பின்னாலோ இருந்தால், போன் அதிக சக்தி செலவழித்துத் தொடர்புகொள்ளப் பார்க்கும். மன்னவனூர் போகும் வழியில் பேட்டரி மளமளவென்று இறங்குவதற்கு இது முக்கியக் காரணம். ஆகவே மலையில் வாழ்பவருக்கு 200 மெகாபிக்சல் கேமராவைவிட, தன் கிராமத்தில் எந்த நெட்வொர்க் எந்த அலைவரிசையில் கிடைக்கிறது, வாங்கப்போகும் போன் அதை ஆதரிக்கிறதா என்பது முக்கியம்.

அடுத்தது ஈரம். ‘ஐபி68, வாட்டர்ப்ரூஃப்’ என்று விளம்பரத்தில் இருக்கும். அந்தச் சோதனை நடப்பது சாதாரண நல்ல தண்ணீரில், புதிய போனில். போன் பழசாகும்போது ஓரங்களில் உள்ள ரப்பர் அடைப்பும் பழசாகும். பனிமூட்டத்திலிருந்து சூடான அறைக்குள் வந்ததும் கேமரா கண்ணாடிக்குள் ஆவி படிவது பலர் பார்த்ததுதான். பெரும்பாலான பிராண்டுகளின் வாரண்டியில், ஐபி68 போனாகவே இருந்தாலும், தண்ணீரால் வரும் பழுது அடங்காது. வாங்கும்முன் வாரண்டியின் அந்த ஒரு வரியைப் படித்துவிட வேண்டும்.

சமையலறை கேட்ஜெட்டும் விதிவிலக்கில்லை. கொடைக்கானலில் தண்ணீர் சுமார் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அதனால் திறந்த பாத்திரத்தைப் போலவே வேகவைக்கும் சாதாரண எலெக்ட்ரிக் ரைஸ் குக்கரில் சாதம் வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும். மலைவீடுகளில் பிரஷர் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்பது இதனால்தான். ‘20 நிமிடத்தில் குழைவான சாதம்’ என்ற ஐந்து நட்சத்திர ரிவ்யூ பொய் இல்லை. அது சமவெளியின் உண்மை.

ரிப்பேர் என்றால் எங்கே போவது?

கொடைக்கானலில் பழுது பார்த்துப் பார்த்து ஒரு கருவியை எத்தனை ஆண்டு ஓட்டலாம் என்பதற்கு அசாத்திய உதாரணம் ஒன்று இருக்கிறது. 1899-ல் தொடங்கப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகம். 1909-ல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு நகர்வதைக் கண்டுபிடித்தது இங்கேதான். அது இன்றும் ‘எவர்ஷெட் விளைவு’ என்றே அழைக்கப்படுகிறது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 15 செ.மீ. லென்ஸ் தொலைநோக்கி ஒன்றால் சூரியனைப் படம் எடுக்கத் தொடங்கினார்கள். நூறாண்டுகளுக்கும் மேலாக அந்தப் பதிவு தொடர்ந்தது. பழைய கண்ணாடித் தகட்டுப் படங்கள் இப்போது டிஜிட்டல் வடிவில் உலக விஞ்ஞானிகளுக்குப் பயன்படுகின்றன.

தொலைநோக்கியும் போனும் ஒன்றல்ல. ஆனால் பாடம் ஒன்றுதான்: கழற்ற முடிவதும், உதிரி பாகம் கிடைப்பதும், சரிசெய்யத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருப்பதும்தான் ஒரு கருவியின் ஆயுள். இன்றைய போனில் பேட்டரி ஒட்டப்பட்டிருக்கிறது, சாஃப்ட்வேர் அப்டேட் சில ஆண்டுகளில் நிற்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் புதிய விதிகளை அமல்படுத்தியது. அங்கே விற்கும் ஸ்மார்ட்போன்களுக்கு, விற்பனை முடிந்த பிறகும் 7 ஆண்டுகள் முக்கிய உதிரி பாகங்கள் கிடைக்க வேண்டும், குறைந்தது 5 ஆண்டுகள் அப்டேட் தர வேண்டும், பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்ற மதிப்பெண்ணும் லேபிளில் இருக்க வேண்டும். இந்தியாவில் 2022 டிசம்பரில் மத்திய அரசு ‘ரைட் டு ரிப்பேர்’ போர்ட்டலைத் தொடங்கியது. பிராண்டுகளின் சர்வீஸ், உதிரி பாகம், வாரண்டி விவரங்களை அதில் பார்க்கலாம். மதிப்பெண் முறையைப் பரிந்துரைக்கக் குழுவும் அமைக்கப்பட்டது. ஐரோப்பா போன்ற கட்டாயம் வரும்வரை, அந்த மதிப்பெண்ணை வாங்குபவரே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அதற்கு ஒரு சுலப வழி, ஊரில் உள்ள மொபைல் ரிப்பேர் கடைக்காரரிடம் கேட்பது. ‘அண்ணே, இந்த மாடலுக்கு டிஸ்ப்ளே கிடைக்குமா? எவ்வளவு ஆகும்?’ என்று கேட்டால், ‘அதை வாங்காத தம்பி, பார்ட்ஸே வர்றதில்ல’ என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார். எந்த யூடியூப் ரிவ்யூவிலும் கிடைக்காத தகவல் அது.

சட்டம் மலை ஏறி வருமா?

வரும். ஆன்லைனில் வாங்கும் பலருக்கு இதுதான் தெரிவதில்லை.

பழைய 1986 சட்டத்தில், பொதுவாக நிறுவனம் இருக்கும் இடத்திலோ பிரச்சினை எழுந்த இடத்திலோதான் வழக்குப் போட முடியும். 2020 ஜூலையில் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 அதை மாற்றியது. வாங்கியவர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். விற்பனையாளர் டெல்லியில் இருந்தாலும், கொடைக்கானல்வாசி திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். ஆன்லைனிலேயே மனுத் தாக்கல் செய்யலாம். வீடியோ கான்ஃபரன்ஸ் விசாரணையும் கேட்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

அதற்கு முன்பே பயன்படுத்தக்கூடியவை 2020-ன் இ-காமர்ஸ் விதிகள். பொருள் பழுதாகவோ போலியாகவோ விளம்பரத்துக்கு மாறாகவோ இருந்தால், விற்பனையாளர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பொருள் எந்த நாட்டில் தயாரானது, விற்பவர் யார், முகவரி என்ன என்பதையும் காட்ட வேண்டும். முன்கூட்டியே ‘டிக்’ போட்ட பெட்டிகள் மூலம் சம்மதம் வாங்குவதும் கூடாது. தளம் அசைந்து கொடுக்கவில்லை என்றால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் ஒரே நிபந்தனை, கையில் ஆதாரம் வேண்டும். பில், ஆர்டர் எண், பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ. கூரியர் ஸ்டிக்கர் தெரியும்படி தொடங்கி, நிறுத்தாமல் ஒரே ஷாட்டில் எடுத்தால் வலுவான ஆதாரம்.

பழைய போன் கடைசியில் எங்கே போகிறது?

இந்தக் கேள்விக்குக் கொடைக்கானல் கசப்பான பதில் வைத்திருக்கிறது.

1980-களில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள வாட்டர்டவுனில் இருந்து ஒரு பாதரசத் தெர்மோமீட்டர் தொழிற்சாலை கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டது. பாண்ட்ஸ் நிறுவனத்துடையது, பிறகு இந்துஸ்தான் யூனிலீவரின் கைக்கு வந்தது. இங்கே தயாரான தெர்மோமீட்டர்கள் பெரும்பாலும் வெளிநாடுகளுக்கே போயின. 2001 மார்ச்சில், ஊருக்குள் மூஞ்சிக்கல் பகுதியில் உள்ள பழைய பொருள் குடோனில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவு கண்டுபிடிக்கப்பட்டது. மக்களும் சூழலியல் அமைப்புகளும் போராட, தொழிற்சாலை மூடப்பட்டது. உடல்நலப் பாதிப்புகளுக்காக முன்னாள் தொழிலாளர்கள் நடத்திய நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, 2016 மார்ச்சில் 591 பேர் தொடர்பாக நிறுவனத்துடன் உடன்பாடு ஏற்பட்டது. மண்ணைச் சுத்தப்படுத்தும் பிரச்சினை அதற்குப் பிறகும் தொடர்ந்தது.

தெர்மோமீட்டர் வாங்கியவருக்கு அது சில டாலர் பொருள். அதன் மீதி விலையைக் கொடுத்தது தொழிலாளர்களும் மலையின் மண்ணும் தண்ணீரும்தான்.

இன்று வீடுகளில் சேரும் பழைய போன், ஊதிப்போன பவர் பேங்க், உடைந்த சிஎஃப்எல் பல்பு எல்லாம் பெரும்பாலும் அதே பழைய பொருள் கடை வழியில்தான் போகின்றன. சிஎஃப்எல்லில் பாதரசம் உண்டு. ஊதிய லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். காடு சூழ்ந்த மலையில், கோடைக்காலக் குப்பைமேட்டில் அது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகளின்படி, கழிவு மறுசுழற்சிக்கான பொறுப்பு தயாரிப்பாளருடையது. வாங்குபவரின் வேலை, அதைக் குப்பையில் கலக்காமல், பிராண்டின் சேகரிப்பு மையத்திலோ பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடமோ சேர்ப்பது. எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் பழைய போனைக் கொடுப்பதும் ஒரு வழிதான். கொடுக்கும் முன் அக்கவுண்ட்களிலிருந்து வெளியேறி ஃபேக்டரி ரீசெட் செய்ய மறக்கக் கூடாது.

‘பை நவ்’ அழுத்தும் முன் ஐந்து கேள்விகள்

1. போன மாதம் இதன் விலை என்ன? எம்.ஆர்.பி.யை மறந்துவிட்டு, வேறு இரண்டு தளங்களிலும் பக்கத்துக் கடையிலும் விலை கேட்டால் உண்மைத் தள்ளுபடி தெரிந்துவிடும். கடையில் 500 ரூபாய் அதிகம் என்றால், அதைச் சர்வீஸுக்கான முன்பணமாக நினைக்கலாம்.

2. வாரண்டி யாருடையது? ‘பிராண்ட் வாரண்டி’யும் ‘விற்பனையாளர் வாரண்டி’யும் வேறு. ஜிஎஸ்டி பில் இல்லாத டீல், டீலே இல்லை.

3. சர்வீஸ் சென்டர் எத்தனை கி.மீ.? வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லும் ‘பிக்-அப்’ வசதி தன் பின்கோடுக்கு உண்டா? டெலிவரிக்குத் தட்டும் அதே பின்கோடை பிராண்டின் சர்வீஸ் பக்கத்திலும் ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டும்.

4. எத்தனை ஆண்டு அப்டேட் வரும்? 15,000 ரூபாய் போன் 2 ஆண்டும், 20,000 ரூபாய் போன் 5 ஆண்டும் ஓடும் என்றால், வருடத்துக்கு முதலாவது 7,500, இரண்டாவது 4,000. எது மலிவு?

5. பழைய போன் வாங்குகிறீர்களா? *#06# அழுத்தினால் ஐஎம்இஐ எண் வரும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து, இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், அது முடக்கப்பட்ட போனா என்பது தெரியும். மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்திலும் பார்க்கலாம்.

சேல் வருடத்துக்குப் பலமுறை வரும். இன்று விட்டால் அடுத்த பண்டிகைக்கு இதைவிடப் புதிய மாடல் இதே விலையில் நிற்கும். ‘இன்னும் 3 நிமிடம்’ என்று ஓடும் அந்தக் கடிகாரத்தால் நெருக்கடி வாங்குபவருக்குத்தான், விற்பவருக்கு இல்லை.